கதைக்கு லேபிள், ஆளுக்கு வேலி

ரசிகர் குழுக்களின் விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை. சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். என்றைக்காவது நம் பதிவு காணாமல் போனால் ஓடிப்போய்ப் படிப்போம். எனக்கு இவற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் கொஞ்ச வருஷமாக இருக்கிறது. வேலை சாஃப்ட்வேர் என்பதால் இருக்கலாம். பல வருஷம் ஓடிய ஒரு குழுவின் விதிப்பட்டியல், பழைய பக் ரிப்போர்ட்களின் தொகுப்பு மாதிரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எப்போதோ யாரோ செய்த ஒரு காரியம் ஒளிந்திருக்கும்.

ஒரு சிறுகதையை விமர்சிப்பது போல விதிகளையும் விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது? அதை நடத்துகிற வேலை யார் தலையில் விழுகிறது? மீறியவர் திரும்பி வர வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில ரசிகர் உலகின் நான்கு விதிகளைப் பார்ப்போம். நான்கும் உண்மையில் நடந்தவை. இரண்டு நல்ல விதிகள், ஒரு மோசமான விதி, ஒன்று பாதிவரை நல்ல விதி. என் அக்கறை அந்தக் கடைசி விதியில்தான்.

திரைச்சீலை

1980களின் யூஸ்நெட்டிலிருந்து தொடங்கலாம். இன்றைய குழுக்களின் பாட்டன் அது. அங்கே ஒரு நகைச்சுவைக் குழு இருந்தது. சில ஜோக்குகள் சிலருக்கு அருவருப்பாக இருந்தன. தடை செய்யலாமா, வேண்டாமா? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ராட்13. ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதுவது. மொத்தம் 26 எழுத்து என்பதால், இன்னொரு முறை 13 தள்ளினால் பழைய எழுத்தே திரும்பி வந்துவிடும். அன்றைய வாசிப்பு மென்பொருள்களில் ஒரு விசையைத் தட்டினால் போதும், ஜோக் தெரியும்.

ரகசியக் குறியீடு என்ற அளவில் இது பூஜ்யம். பள்ளிப் பையன்கூட உடைத்துவிடுவான். ஆனால் யாரிடமிருந்தும் எதையும் மறைப்பது அதன் நோக்கமே இல்லை. வாசகர் தன் விரலால் ஒரு விசையைத் தட்ட வேண்டும், அதுதான் நோக்கம். தட்டிவிட்டால், 'என் கண்ணில் ஏன் காட்டினாய்?' என்று கேட்க முடியாது. வாசற்கதவில் பூட்டுக்குப் பதில் ஒரு திரைச்சீலை தொங்குகிற மாதிரி. யார் வேண்டுமானாலும் விலக்கிக்கொண்டு உள்ளே போகலாம், ஆனால் தெரியாமல் உள்ளே போய்விட்டேன் என்று சொல்ல முடியாது.

சினிமா, டிவி ரசிகர்கள் இதே வித்தையைக் கதையின் முடிவை மறைக்க எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு உத்தியும் இருந்தது. அந்தக் கால டெர்மினல் திரையில் 24 வரிதான் தெரியும். ஆகவே 'ஸ்பாய்லர் வருகிறது' என்று எழுதி, அதன் கீழே ஒரு திரை அளவுக்குக் காலி வரிகளை விட்டுவிட்டு விஷயத்தை எழுதுவார்கள். படம் பார்க்காதவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று கேள்விகளையும் இதில் போட்டுப் பாருங்க. காப்பாற்றப்படுபவர் இன்னும் படம் பார்க்காத சக ரசிகர். வேலை எழுதுபவருடையது, அதுவும் 24 முறை என்டர் தட்டுகிற அளவுதான். மறந்துவிட்டால் நாலு பேர் திட்டுவார்கள், அடுத்த முறை சரியாகச் செய்யலாம். நல்ல ஜோக்கா, கெட்ட ஜோக்கா என்று தீர்ப்புச் சொல்ல யாருமே தேவைப்படவில்லை. இந்தக் கடைசி அம்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை யோசனை சொல்லாதீர்

அடுத்து, 1990களின் 'பாபிலோன் 5'. ஐந்து பருவங்கள் ஓடிய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர். இதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, பெரும்பாலான அத்தியாயங்களைத் தானே எழுதியவர். தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே இணையக் குழுக்களில் ரசிகர்களோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்று நமக்கு இது சாதாரணம். அன்று பெரிய விஷயம்.

அந்தக் குழுவில் ஒரு விதி: கதை யோசனைகளைப் போடக்கூடாது. ரசிகர்களிடம் இதைச் சொல்வது, கல்யாண வீட்டில் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதுபோலத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று பேசுவதுதானே ரசிகனின் பாதிச் சந்தோஷம்?

ஆனால் காரணம் வலுவானது. ஒரு ரசிகர் பொதுவில் போட்ட யோசனை, ஸ்ட்ராசின்ஸ்கி எழுத நினைத்திருந்த ஒரு கதையோடு ஒத்துப்போய்விட்டது. நாளைக்கு அந்த ரசிகர் 'என் கதையைத் திருடிவிட்டார்' என்று வழக்குப் போட்டால்? அவர் எழுத்துபூர்வமாக விடுப்புக் கடிதம் கொடுக்கும்வரை அந்த அத்தியாயம் கிடப்பில் கிடந்தது. கடைசியில் 1995 இறுதியில், மூன்றாம் பருவத்தில் ஒளிபரப்பானது. தொடரின் நல்ல அத்தியாயங்களில் ஒன்றாகப் பலர் அதைச் சொல்வார்கள். நல்லெண்ணத்தில் போட்ட ஒரு பதிவு, அந்தப் பதிவர் நேசித்த தொடரிலிருந்தே ஒரு கதையைப் பறித்திருக்கக்கூடும்.

திறந்த குழுவில் வசைகளும் பெருகின. ஸ்ட்ராசின்ஸ்கி விலகினார். அவர் திரும்பி வருவதற்கு வசதியாக, மாடரேட்டர்கள் உள்ள தனிக்குழு ஒன்று உருவானது. யூஸ்நெட்டில் இப்படிப்பட்ட குழுவுக்கு ஒரு பதிவை அனுப்பினால் அது நேராக வெளியாகாது. மாடரேட்டரின் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் (அல்லது அவர் எழுதிய நிரல்) 'அனுமதிக்கப்பட்டது' என்ற தலைப்பு வரியைச் சேர்த்தால்தான் உலகத்துக்குப் போகும்.

முன்கூட்டியே பார்த்து அனுமதிப்பது என்றாலே நமக்குத் தணிக்கை வாசம் அடிக்கும். எனக்கும் அடிக்கும். ஆனால் இங்கே வேறு வழி இல்லை. யூஸ்நெட்டில் ஒரு பதிவு போட்டால் அது ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு நகலாகப் போய்விடும். பிறகு அழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தவிர, எழுத்தாளர் அதைப் படித்துவிட்டால் படித்ததுதான், மண்டையிலிருந்து நீக்க பட்டன் இல்லை. ஆகவே தீங்கு எந்த நொடியில் நிகழ்கிறதோ அதற்கு முன்னால் வடிகட்டியை வைத்தார்கள்.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. 'தரத்தைக் காக்க', 'ஆரோக்கியமான உரையாடலுக்காக' மாதிரி வழவழா வார்த்தைகள் தேவையில்லை. காப்பாற்றப்படுபவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரே ஒரு ஆள், அந்த எழுத்தாளர். எதிலிருந்து என்றும் தெரியும். வேலை மாடரேட்டர்களுடையது. அது சின்ன வேலை இல்லை, ஊகம் எங்கே முடிகிறது, கதை யோசனை எங்கே தொடங்குகிறது என்று பதிவு பதிவாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் விதி பிடிக்காதவர் தெருவில் நிற்கவில்லை. பழைய திறந்த குழு பக்கத்திலேயே இருந்தது. கண்டிப்பான அறை ஒன்று, அதை ஒட்டித் திறந்த மைதானம் ஒன்று. இந்த அமைப்பு இன்றைக்கும் ஒரு நல்ல மாதிரி.

தேடல் சொல்லே விதியானால்

மூன்றாவது கதை சோகமானது. லைவ்ஜர்னல் என்று ஒரு தளம், 1999இல் தொடங்கியது. 2000களில் ஆங்கில ரசிகர் புனைவுக்கு அதுதான் தலைநகரம். ரசிகர் புனைவு என்றால், தனக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகள். 2007இல் தளம் சிக்ஸ் அபார்ட் என்ற நிறுவனத்திடம் இருந்தது.

அங்கே ஒவ்வொருவர் முகப்பிலும் 'ஆர்வங்கள்' என்று ஒரு பட்டியல் போடலாம். இசை, சமையல், ஹாரி பாட்டர், இப்படி. ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதே சொல்லைப் போட்டிருக்கும் மற்றவர்கள் வருவார்கள். 2007 மே மாதம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிராக இயங்குவதாகச் சொன்ன ஒரு குழு, இந்தத் தளத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தது. நிறுவனம் பயந்துவிட்டது. மே 29, 30 வாக்கில் ஏறத்தாழ 500 கணக்குகள் முடக்கப்பட்டன. முடக்கப்பட்ட கணக்கின் பெயர்மேல் குறுக்குக் கோடு விழும். அதனால் இந்தச் சம்பவத்துக்கு 'ஸ்டிரைக்த்ரூ' என்றே பெயராகிவிட்டது.

முடக்கியதற்குப் பெரிய ஆதாரம் அந்த ஆர்வப் பட்டியலில் இருந்த சொற்கள்தான். விளைவு என்ன? பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுக்கள் போயின. நபக்கோவின் 'லோலிட்டா' நாவலைப் பற்றிப் பேசிய வாசகர் குழு போனது. ரசிகர் புனைவுக் குழுக்கள் போயின. இரண்டொரு நாளில் நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பல கணக்குகள் திரும்பி வந்தன. நம்பிக்கை வரவில்லை.

நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. குழந்தைகளைக் காப்பது தலையாய வேலை. என் விமர்சனம் அந்த விதியின் உடலமைப்பைப் பற்றியது. ஒரு சொல்லைத் தேடும் நிரலுக்கு, அந்தச் சொல்லால் காயப்பட்டவரும் அந்தச் சொல்லை ரசிப்பவரும் ஒன்றுதான். சொல்லுக்குத் தன்னளவில் எந்த மனோபாவமும் கிடையாது. மனோபாவம் வாக்கியத்தில் இருக்கிறது, சூழலில் இருக்கிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் தேடல் முடிவையே தீர்ப்பாக்கினார்கள்.

மூன்று கேள்விகளுக்கும் இங்கே மோசமான பதில். யாரைக் காப்பாற்றியது? சொன்னது குழந்தைகளை, காத்தது நிறுவனத்தின் பெயரை. வேலை யாருக்கு? தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்கும் வேலை முடக்கப்பட்டவருக்கு. திரும்பி வரும் வழி? மன்னிப்பு வரும்வரை தெளிவாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்த விதி எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. படிக்க முடியாத விதிக்கு யாரும் கீழ்ப்படிய முடியாது, பயப்பட மட்டும்தான் முடியும்.

காலி வேறு, பூஜ்யம் வேறு

நான்காவதுக்கு வருவோம். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்', சுருக்கமாக ஏஓ3. ரசிகர்களே நடத்தும் ரசிகர் புனைவுக் களஞ்சியம். பெயர் வர்ஜீனியா உல்ஃபின் புகழ்பெற்ற கட்டுரைத் தலைப்பை நினைவூட்டுவது. ஸ்டிரைக்த்ரூவுக்குப் பதிலடியாகத்தான் ஏஓ3 பிறந்தது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். தேதிகளைப் பார்த்தால் அது முழுக்கச் சரியில்லை. நாவலாசிரியராக நன்கு அறியப்பட்ட நயோமி நோவிக், 'நமக்கென்று ஒரு களஞ்சியம் வேண்டும்' என்று அழைப்பு விடுத்தது 2007 மே 17. ஸ்டிரைக்த்ரூவுக்கு 12 நாள் முன்னால். உடனடித் தூண்டுதல் ஃபேன்லிப் என்ற நிறுவனம். ரசிகர்களின் கதைகளை வைத்துப் பணம் பண்ணப் பார்த்த நிறுவனம் அது. ஸ்டிரைக்த்ரூ செய்தது, அந்த அழைப்பு ஏன் அவசரமானது என்று எல்லோருக்கும் புரியவைத்தது. வாடகை வீட்டில் எவ்வளவு கோலம் போட்டாலும் வீட்டுக்காரர் ஒரே நாளில் காலி பண்ணச் சொல்லலாம்.

2009 நவம்பரில் ஏஓ3 பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது பெற்றது. இன்று ஒரு கோடிக்கும் மேல் படைப்புகள் அங்கே இருக்கின்றன. நடத்துவது தன்னார்வலர்கள்.

அங்கே கதை போடும்போது ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வல்லுறவு, வயது வராதோர் தொடர்பான பாலியல் உள்ளடக்கம் ஆகிய நான்கில் எது கதையில் இருக்கிறது? எதுவும் இல்லையென்றால் 'எந்த எச்சரிக்கையும் பொருந்தாது'. கூடவே ஆறாவதாக ஒரு தேர்வு: 'எச்சரிக்கை தர விரும்பவில்லை'.

இந்த ஆறாவது தேர்வில்தான் மொத்த அழகும் இருக்கிறது. டேட்டாபேஸில் வேலை பார்ப்பவர்கள் உடனே சிரிப்பார்கள். காலி வேறு, பூஜ்யம் வேறு. 'இல்லை' என்பது ஒரு தகவல். 'சொல்லமாட்டேன்' என்பது வேறொரு தகவல். கதையின் திருப்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் எழுத்தாளர் மரணத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். தயாராக இல்லாத வாசகர் அந்தக் கதையைத் தவிர்க்கலாம். பொய் சொல்வதுதான் குற்றம். 'எதுவும் பொருந்தாது' என்று போட்டுவிட்டு உள்ளே வல்லுறவுக் காட்சி வைத்தால் புகார் செய்யலாம். அப்போதும் கேட்பது லேபிளைத் திருத்தச் சொல்லித்தான்.

ராட்13 ஞாபகம் வருகிறதா? அதே திரைச்சீலைதான், கொஞ்சம் நேர்த்தியாகத் தைக்கப்பட்டது. கதை நல்லதா, நாகரிகமா, தேவையா என்று எந்தத் தன்னார்வலரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். லேபிள் உண்மையா என்று பார்த்தால் போதும். ஒரு கோடி கதைகளைச் சம்பளமில்லாத ஆட்கள் நிர்வகிக்க முடிவதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

லேபிள் தோற்கும் இடம்

ஆனால் ஏஓ3யைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது.

லேபிள் எதற்கு மருந்து? எதிர்பாராத அதிர்ச்சிக்கு. எச்சரித்துவிட்டால் அதிர்ச்சி பாதி போய்விடும். ஆனால் ஒருவர் என்னை வெறுக்கிறார், என் ஒவ்வொரு கதைக்குக் கீழும் வந்து என் நிறத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வையுங்கள். 'இது இனவெறி' என்று லேபிள் ஒட்டினால் எனக்கு என்ன லாபம்? நான் கண்ணை மூடிக்கொள்ளலாம். அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார். அங்கே எனக்குத் தேவை வேலி.

ஏஓ3யில் கறுப்பின ரசிகர்களும் வெள்ளையரல்லாத மற்ற ரசிகர்களும் வெகுகாலம் கேட்டது இதைத்தான். 2020 ஜூனில், அமெரிக்காவில் இனநீதிப் போராட்டங்கள் எழுந்தபோது, ஏஓ3யை நடத்தும் அமைப்பு சில உறுதிமொழிகளை வெளியிட்டது. 2023 மே மாதம் ரசிகர்கள் திரும்பவும் ஒரு இயக்கம் நடத்தினார்கள். சொன்னவற்றை ஏன் முடிக்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. ஒருவரைத் தடுப்பது, ஒருவரின் பதிவுகள் கண்ணில் படாமல் செய்வது மாதிரி, சமூக வலைத்தளங்களில் சர்வசாதாரணமான வசதிகள்கூட அங்கே மிகப் பிந்தித்தான் வந்தன.

திறமையான ஆட்கள் ஏன் இவ்வளவு தாமதித்தார்கள்? என் வாசிப்பு இது: அவர்கள் எல்லாவற்றையும் பிரதியாகவே பார்த்தார்கள். ஸ்டிரைக்த்ரூவின் தழும்பு அப்படி. எந்தப் பதிவையும் நீக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே, நாளைக்கு அது நம்மேலேயே திரும்பும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கதைக்காக உருவாக்கிய பாதுகாப்பு, கதையே அல்லாத நடத்தைக்கும் கேட்காமல் நீண்டுவிட்டது. ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டித் திட்டுவதும் ஒரு நாவலில் வில்லன் திட்டுவதும் ஒரே சட்டகத்துக்குள் போட முடியாது.

நான் பயன்படுத்தும் சோதனை எளிமையானது. அந்தப் பதிவிலிருந்து குறிப்பிட்ட அந்த ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கதை மிஞ்சினால் லேபிள் போதும். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது நடத்தை. அதற்கு வேலிதான் வேண்டும், பாபிலோன் 5 குழு ஒரு தனி மனிதருக்காகப் போட்டது மாதிரி.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. யாரையும் பெயர் சொல்லாமல், ஒரு இனத்தையே இழிவுபடுத்தி எழுதப்பட்ட கதை? ஆளை எடுத்தாலும் கதை மிஞ்சும். படிக்கிற அந்த இனத்தவர் ஒவ்வொருவரும் குழுவைவிட்டுப் போவார்கள். ஏஓ3யின் விமர்சகர்கள் கை வைக்கும் இடம் இதுதான், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. என் சாய்வு என்ன என்றால், அங்கே நீக்கும் அதிகாரத்தைவிட, அப்படிப்பட்ட எழுத்து என் கண்ணிலேயே படாமல் நானே வடிகட்டும் கருவிகளை முதலில் கேட்பேன். அது முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் கருவி கொடுக்க யாருடைய தீர்ப்பும் வேண்டாம். தீர்ப்பு வேண்டாத வேலையைக்கூடத் தள்ளிப்போட்டதுதான் என் பெரிய புகார்.

உங்கள் குழுவுக்கு

நம்மில் பலர் ஏதோ ஒரு வாட்ஸப் குழுவுக்காவது அட்மின். சினிமா, கிரிக்கெட், பழைய பாட்டு, ஏதோ ஒன்று. விதி எழுத உட்காரும்போது இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அது யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒரு பெயர் எழுதுங்கள். 'குழுவின் நலன்' என்று எழுதத் தோன்றினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது அட்மினின் எரிச்சலாக இருக்கும்.

பிறகு பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். எழுத்தைப் பற்றிய விதிகள் ஒரு பக்கம், ஆட்களை நடத்தும் விதத்தைப் பற்றிய விதிகள் மறுபக்கம். முதல் பக்கத்தில் எங்கெல்லாம் 'போடக்கூடாது' என்று இருக்கிறதோ, அங்கே 'சொல்லிவிட்டுப் போடவும்' என்று மாற்ற முடியுமா பாருங்கள். முக்கால்வாசி மாறும். 'படத்தின் முடிவைச் சொல்லாதே' என்பதைவிட 'முதல் வரியில் படப்பெயர், கீழே விஷயம்' என்பது எல்லோருக்கும் சுலபம்.

இரண்டாம் பக்கத்தில் இந்தத் தாராளம் வேண்டாம். ஒருவரைக் குறிவைத்துத் துரத்துபவருக்கு லேபிள் கேட்பது கேலிக்கூத்து. அங்கே வேலி எவ்வளவு உயரம், எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு வெளியே அனுப்புவீர்கள், எத்தனை நாள் கழித்துத் திரும்பி வரலாம் என்பதை எண்ணோடு எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், அட்மினின் அன்றைய மூடுதான் விதியாகிவிடும்.

உங்கள் குழுவில் விசித்திரமான, ஆனால் வேலை செய்கிற விதி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அதைக் கொண்டுவந்த சண்டையையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. நான் சேகரிப்பது உண்மையில் அந்தச் சண்டைகளைத்தான்.